பீரோக் கதவில் இரண்டு காந்தங்கள்

12.8.2008, செவ்வாய்

புது பேட்டரி ஸ்கூட்டர் மோட்டார்கள் மதியமே வண்டிக் கம்பெனிக்குப் போய்விட்டன. சாயங்காலம்தான் நான் ஓவனைப் பார்த்தேன். மோட்டாருக்குள் காந்தத்தை ஒட்டும் பசை காய்வதற்கு, பழைய ஃபெர்ரைட் காந்தங்களுக்கு வைக்கிற அதே சூட்டை வைத்திருக்கிறார்கள். இவை நியோடைமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தவை. பலம் பல மடங்கு, ஆனால் அந்தச் சூடு தாங்காது. ஆறினாலும் போன பலம் திரும்பாது.

சூப்பர்வைசர் முனிராஜ் வழக்கம்போல காந்தத்தில் ஸ்பேனரைத் தொங்கவிட்டுக் காட்டினார். எங்கள் லைனில் காந்தத்துக்கு அதுதான் சோதனை.

"ஒட்டுது பாருங்க மேடம். இதுக்கு மேல என்னா டெஸ்ட்டு?"

"ஒட்டுறது வேற, வண்டிய மேட்டுல இழுக்கறது வேற முனிராஜ்."

"லோடு போயிடுச்சுங்க. இப்பப் போய் கெளறாதீங்க."

பற்றிக்கொண்டு வந்தது. ஓவனுக்குப் போய்வந்த ரிஜெக்ட் காந்தம் ஒன்றையும், போகாதது ஒன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டையும் பீரோக் கதவில் ஒட்டினேன். போகாததை இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை. மற்றது ஒரு விரலால் தள்ளியதும் கையோடு வந்துவிட்டது.

நாளைக் காலையில் அந்த மோட்டார் பூட்டிய வண்டியை வண்டிக் கம்பெனியின் டெஸ்ட் ரைடர் சேவியர் ராயக்கோட்டை மேட்டில் ஏற்றிப் பார்க்கப் போகிறான். பின்னாலேயே கிரானைட் லாரிகள் வருகிற ரோடு. பாதி மேட்டில் மோட்டார் இழுக்காமல் நின்றால்...

அவன் போன் அணைந்திருக்கிறது. விடிவதற்குள் அவர்கள் கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டும். முனிராஜ் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஓவனுக்குப் போய்வந்த அந்தக் காந்தத்தை மறுபடி கதவில் வைத்தேன். ஒன்றும் ஆகாதது போல ஒட்டிக்கொண்டு நிற்கிறது.