அல்ஜீப்ராவுக்கு ஆறாவது ஆள்

அன்புள்ள புலிக்கு,

கணக்குப் புலி என்று உனக்குப் பேர் வைத்தவளே நான்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நீ வகுப்புக்கே போவதில்லையாம், அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாயாம், மேல்படிப்பு வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாயாம். நீயாவது எடுத்துச் சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு பேரும் அழுதுகொண்டுதான் இருப்போம்.

நம் அல்ஜீப்ரா மேடத்தின் வாயில் எதுதான் நின்றது! உனக்குப் போட்ட மெயிலில் என் கதையையும் சேர்த்து எழுதிவிட்டார். அவர் எழுதியது உண்மைதான். கடைசி வாய்ப்பிலும் நான் தேறவில்லை, எனக்கு டிகிரி கிடையாது. படிக்கும்போதே கிடைத்த கம்பெனி வேலை போன வருடமே கைவிட்டுப் போய்விட்டது. சேரும் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் புளுகினேன்.

ஆறு பேர் சேர்ந்தால்தான் அந்த அல்ஜீப்ரா விருப்பப் பாடத்தை நடத்துவோம் என்று துறையில் சொன்னார்கள். அது இல்லாமல் உனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைக்காது. கணித வகுப்பில் ஐந்து பேர்தான் கிடைத்தீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் இருந்த நான் ஆறாவதாகக் கையெழுத்துப் போட்டேன். நீ கெஞ்சவில்லை. கேன்டீனில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான். எப்படியாவது பாஸ் ஆகிவிடலாம் என்று நினைத்து, ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்தான்.

நமக்கு அடுத்த வருடம் ஆறு பேர் சேரவில்லை. பாடத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்காக மட்டும் கடைசியாக ஒரு தேர்வு வைத்தார்கள். அத்தனை பெரிய ஹாலில் நான் ஒருத்தி, எனக்குக் காவலாக ஒருவர். அதிலும் போய்விட்டது. பதிலுக்கு வேறு பாடம் எழுதுகிறேன் என்று மனு கொடுத்துப் பார்த்தேன். விதியில இடமில்லம்மா என்றார் அலுவலகத்தில் இருந்தவர். திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தண்ணி குடிக்கிறியாம்மா என்று கேட்டுவிட்டார்.

இப்போது ஒரு மருந்துக்கடை மாடியில், கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதித் தரும் சின்ன ஆபீஸில் இருக்கிறேன். டிகிரி இருந்தா சம்பளம் ஏத்தலாமே என்று முதலாளி மாதம் தவறாமல் வருத்தப்படுகிறார். வருத்தப்படக் காசா பணமா?

கோபமே இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். மேல்படிப்பில் சேர்ந்த புதிதில் அந்தப் பெரிய கரும்பலகை முன்னால் நின்று போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு முழுக்க உனக்குப் பதில் போடவில்லை. வேலையாக இருப்பேன் என்று நீ நினைத்திருப்பாய்.

ஆனால் ஒன்று கேள். ஒரு நாள் மேடம் சதுர அட்டையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, நாலே மணி உள்ள கடிகாரத்தில் கூட்டுவதும் இதுவும் ஒரே கணக்கு என்றாரே, அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உனக்கு முன்னால் எனக்குப் புரிந்தது, தெரியுமா? அப்புறம் வந்த நிரூபணங்களில் மூழ்கிப் போனேன், அது வேறு. எனக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது, உனக்குத் தினமும் கிடைக்கிறது. அதைப் போய் வேண்டாம் என்கிறாயே.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. நீ திரும்பி வந்தால் என் டிகிரியும் கூட வந்துவிடுமா? இரண்டு பேரும் பெயிலானதுதான் மிச்சமாக இருக்கும். அப்புறம் உன் அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

எனக்காகப் படிக்க வேண்டாம், உனக்குப் பிடித்தால் படி என்று பெருந்தன்மையாக எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லையடி. எனக்காகவே போ. திங்கட்கிழமை வகுப்பில் போய் உட்கார். அழுகை வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழு. எழுந்து மட்டும் வந்துவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் தோழி