பாம்பு பிடிக்கத் தெரியாதவளுக்கு உதவித்தொகை இல்லை

இன்று காலை பேப்பரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் பழங்குடி மாணவர்கள் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாமாம். 'சாதிச் சான்றிதழ் கட்டாயம்' என்ற கடைசி வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கசக்கி எறிந்தேன். உன்னை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸ் பெண் நான், திருநின்றவூர் ஏரிக்கரை இருளர் குடிசைப் பெண் நீ. பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் உனக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை வந்தால்தான் ஹாஸ்டலும் சாப்பாடும். அது வர வேண்டுமானால், நீ இருளர்தான் என்று அரசாங்கம் எழுதித் தரவேண்டும். சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தோம்.

கடைசியில் ஒரு நாள் அதிகாரி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருளர்னு சொல்றே. பாம்பு பிடிப்பியா?"

நான் முந்திக்கொண்டேன். "சார், இவ அப்படியெல்லாம் இல்ல சார். நல்லா படிக்கிற பொண்ணு. அப்பா ரைஸ் மில்லுல வேலை செய்றாரு. பாம்பைக் கண்டாலே ஓடிடுவா."

உனக்குச் சிபாரிசு செய்வதாக நினைப்பு எனக்கு. அவர் ஃபைலை மூடினார். "அப்புறம் எப்படிம்மா இருளர்? போங்க."

குயவர் வீட்டுப் பிள்ளையைப் பானை வனைந்து காட்டச் சொல்வாரா அந்த ஆள்? அவருக்கு நாற்காலி கொடுத்தபோது அவருடைய தாத்தா செய்த தொழிலைச் செய்து காட்டச் சொன்னார்களா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

திரும்பும் ரயிலில் நீ சிரித்தாய். "உடும்மே. எங்க நைனாவுக்கே பாம்புன்னா பயம். நா இன்னா பண்றது?" அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மறுவாரம் நீயும் மில் களத்துக்கு நெல் துழாவப் போனாய். உமித் தூசியிலேயே காலம் போனது. கடைசியில் மூச்சுக்கு இழுத்து இழுத்துச் செத்தாய்.

அந்த ஆள்மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. என்மேல் இருப்பது அதைவிட அதிகம். அவர் கேட்டதும் நீ நிமிர்ந்து வாயெடுத்தாய். நான்தான் உன் கையை அழுத்தி, "நீ சும்மா இரு, நான் பேசறேன்" என்றேன். அன்று நீ என்ன சொல்ல வந்தாய் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.