உருகாமல் தப்பிய மணல்

உன் கறுப்புக் கல், பாட்டிலை உருக்கிச் செய்த கண்ணாடி இல்லை. நேற்று மாலை பல்கலைக்கழக நிலவியல் ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கல்லை உடைக்காமல் செய்த சோதனையில், பாட்டிலுக்கும் ஜன்னலுக்கும் உருக்கும் கண்ணாடியில் இருக்க வேண்டிய அளவு சுண்ணாம்பு இதில் இல்லை என்றும், சிலிக்கா மிக அதிகம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மனிதர் மூட்டிய உலையில் இது உருகவில்லை. இதுவரை உறுதியானது இவ்வளவுதான்.

படித்தபோது சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஷிப்ட் முடிந்த பெண்கள் கம்பெனி பஸ்களிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சொல்ல வேண்டிய ஆள் நீ ஒருத்திதான். இன்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கண்ணாடித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். நான் இந்தப் பகுதிச் செய்திகளுக்காகச் சென்னைப் பத்திரிகை அனுப்பிய நிருபர். மகளிர் விடுதியில் ஒரே அறையில் போட்டார்கள். விடுதிச் சாம்பாரைத் தாங்க முடியாமல் இருவரும் சேர்ந்து இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். யாராவது ஒருத்திக்குக் கல்யாணம் ஆகும்வரைதான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னோம். நம் தலை நரைத்த பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

கண்ணாடிப் பலகையில் மெஷின் குறிகாட்டிய இடத்தைத் தலையைச் சாய்த்துக் கண்ணால் பார்த்து, ஏற்பதா தள்ளுவதா என்று சொல்வது உன் வேலை. சின்னக் குமிழ் என்றால் சில சமயம் விட்டுவிடுவாய். கல் என்றால் விடமாட்டாய். உலையில் உருகாமல் தப்பி, கண்ணாடிக்குள் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிட்ட துகளுக்கு உங்கள் லைனில் அதுதான் பெயர். “குமிழி பேசாம கெடக்கும். கல்லு ஒரு நா இல்லாட்டி ஒரு நா கண்ணாடிய வெடிக்க வச்சுரும்” என்பாய்.

கம்பெனி உன்னைப் பயிற்சிக்குத் தாய்லாந்து அனுப்பியது. கூடப் போனவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி வந்தார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, வடகிழக்குப் பக்கம் ஏதோ ஊர்ச் சந்தையில், வானத்திலிருந்து விழுந்தது என்று ஒரு பெண் கைஜாடையில் சொல்லி விற்ற கறுப்புக் கல்லோடு வந்தாய். அங்கே அதைத் தாயத்து மாதிரி வைத்துக்கொள்வார்களாம். உள்ளங்கையில் அடங்கியது. மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள். உடைந்த பக்கம் மட்டும் மின்னியது.

லைனில் கொண்டுபோய்க் காட்டினாய். உன்னோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: “இன்னாக்கா, பீர் பாட்டில உருக்கி உன் தலைல கட்டிட்டாங்க. நாள் பூரா கண்ணாடியதான் பாத்துகினுகீற, உன்னையே ஏமாத்திட்டாங்க பாரு!” அன்றிலிருந்து கேன்டீனில் நீ பீர் பாட்டில் அக்கா. “ஏட்டி, பாட்டிலு என் கையில, போதை ஒனக்கா?” என்று திருப்பிக் கொடுத்ததாக வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாய்.

அந்த வார விடுமுறையில் மேஜை விளக்கைத் திருப்பி வைத்து, கல்லின் மெல்லிய விளிம்பை அதன் முன் பிடித்தாய். கறுப்பு அந்த இடத்தில் மட்டும் டிகாஷன் நிறமாக மாறியது.

“ஏளா ரிப்போர்ட்டரு, இங்க வா. உள்ள கல்லு கெடக்கு.”

“கெடந்தா என்ன?”

“என்னவா? உருகாத மண்ணுளா. உருக்கத் தெரியாத எவனோ உலையில போட்டு எடுத்துருக்கான். அவளுவ சொன்னது நெசந்தான்.”

ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாமே என்றேன். “வேண்டாம்ளா. கண்ணால பாத்தாச்சு. ரிஜெக்ட்டு” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாய். கல்லைத் தூக்கி எறியவில்லை. சமையலறை ஜன்னல் விளிம்பில் அது கிடந்தது. ஆனால் அதன் பிறகு கேன்டீனில் யார் கேலி செய்தாலும் நீ பதில் சொல்லவில்லை என்று பிற்பாடு அந்த உள்ளூர்க்காரியே என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், வீட்டில் எதையெதை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “அந்த பீர் பாட்டில தூரப் போட்டுரு” என்றாய். சரி என்றேன். போடவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் உன் தம்பி வந்து உன்னை ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே வந்தவர்களிடம் என்னை “அக்காகூட ரூம்ல இருந்தவங்க” என்று அறிமுகப்படுத்தினார்கள். தவறில்லை, அதுவும் உண்மைதான். பிறகு அவர் ஒரு வேன் எடுத்து வந்து பீரோவையும் தையல் மெஷினையும் பைபிளையும் ஏற்றினார். ஜன்னலில் இருந்ததைப் பார்த்து, “இது என்னதுக்கா, கரிக்கட்டையா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

இந்த ஆடியில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விண்கற்கள் பற்றிப் பேச ஆய்வாளர் ஒருவர் வந்தார். சின்னச் செய்திதான், போனேன். பெரிய விண்கல் மோதும்போது தரையிலுள்ள மணலும் பாறையும் நொடியில் உருகித் தெறிக்கும், பறக்கும்போதே குளிர்ந்து கண்ணாடியாகும், அதற்கு டெக்டைட் என்று பெயர் என்றார். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் பக்கம் கிடைப்பவை ஏறத்தாழ எட்டு லட்சம் ஆண்டுகள் பழையவை. அவற்றை வீசிய பள்ளம் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியது: உலைக்கு இருக்கும் நிதானம் மோதலுக்கு இல்லை. உருகி முடிக்க நேரம் கிடைக்காததால், சில வகைகளில் மணல் துகள்கள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய துகள் மோதலின் அழுத்தத்தில் நெரிந்திருக்கும். சாதாரண மணல் இறுகி கோசைட் என்ற வேறு கனிமமாகவே மாறியிருக்கலாம். “அந்த உருகாத துகள் கிடைச்சா எங்களுக்கு அதுதான் சாட்சி” என்றார்.

குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். உன் கண் பிழை செய்யவில்லை. உள்ளே கல் இருந்தது. உங்கள் லைனில் எதற்காக ஒரு கண்ணாடியைத் தள்ளுவீர்களோ, அதற்காகவே அவர்கள் ஒன்றை ஏற்பார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு மாணவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுவாரம் கல்லை ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்; முறை வர மாதக்கணக்கில் ஆனது. நேற்று வந்த மின்னஞ்சலுக்கு இரண்டாவது பகுதி உண்டு. உலைக் கண்ணாடி இல்லை என்பதால் வானத்துக் கண்ணாடி என்று ஆகிவிடாது. எரிமலையும் கறுப்புக் கண்ணாடி செய்யும். எது என்று உறுதியாகச் சொல்ல அந்த வெள்ளைத் துகளைப் பார்க்க வேண்டும். துகள் உள்ளே இருக்கிறது. கல்லை அறுத்து, ஒரு பாதியைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய சில்லாக்க வேண்டும். மறுபாதி திரும்பக் கிடைக்கும். உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

உரிமையாளர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உன் தம்பிக்கு போன் செய்தேன்.

“அந்தக் கரிக்கட்டையாக்கா? அதையா வெட்டணுங்காக?”

விவரம் சொன்னேன்.

“அவ பொருளு ஒங்க பொருளுதானக்கா. ஒங்ககூடத்தான இருந்தா. எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கிய?”

நம் வீட்டைப் பற்றி இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நன்றி சொல்லாமலே வைத்துவிட்டேன்.

இரவெல்லாம் யோசித்தேன். முழுதாக இருக்கும்வரை அது நீ விளக்கின் முன் பிடித்த கல். அறுத்தபின் எரிமலைக் கண்ணாடி என்று தெரிந்தால், உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சிய ஒன்றை நானே வீணாகப் பாதியாக்கியிருப்பேன். அறுக்காவிட்டால் நீ போட்ட ரிஜெக்ட் அப்படியே நிற்கும். நீ ஏமாந்தவளாகவே போய்ச் சேர்ந்தாய் என்பது மாறாது. இன்று காலை சம்மதம் எழுதி அனுப்பினேன்.

பிறகு டீ குடிக்கப் போனேன். பலகாரம் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். “இன்னா மேடம், கழுத்து வலியா?” என்றார் கடைக்காரர். மூலையில் ஒரு குமிழ் இருந்தது. நீ விட்டுவிடும் அளவுதான். இப்போதெல்லாம் எந்தக் கண்ணாடியையும் நான் நேராகப் பார்ப்பதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்ததும் கல்லை அறுப்பார்கள். துகள் மோதலில் நெரிந்ததா, அதற்குள் கோசைட் இருக்கிறதா என்பது மாசிக்குள் தெரியும் என்கிறார்கள். அதுவரை உன் கல் தள்ளியதும் இல்லை, ஏற்றதும் இல்லை. உங்கள் லைன் பாஷையில் சொன்னால், ஹோல்டு.