மீன்கொத்திக்குக் கொடுக்காத தண்ணீர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தினமும் போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாய், ஆமாம் என்கிறேன், சில நாள் அது பொய். பசி என்று ஒன்று வருவதே இல்லை, மணி பார்த்துச் சாப்பிடுகிறேன். செருப்புக் கடைக்குப் பாதி நாள் போகிறேன், போன வாரம் ஒருவருக்கு இரண்டும் இடது காலாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன், அவர் திரும்பி வந்து சிரித்தார், நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் உன் சித்தி வந்து ஒரு வாரம் இருந்தாள், போகும்போது ஜன்னல் கண்ணாடியையெல்லாம் பளபளவென்று துடைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை அதில் வானம் தெரிந்ததோ என்னவோ, ஒரு மீன்கொத்தி நேராக வந்து மோதி விழுந்தது. போய்ப் பார்த்தால் ஒரு இறக்கை தொங்குகிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நான் ஸ்பூனில் தண்ணீரோடு குனிந்தேன். சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடி வீட்டு வாத்தியார், கொஞ்சம் இருங்க, கேட்டுட்டுச் செய்யலாம் என்று பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அங்கே பேசிய பெண், ஐயா, தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும், தீனியும் வேண்டாம், துண்டால மூடித் தூக்கி ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில வைங்க, இருட்டா சத்தமில்லாம இருக்கட்டும், சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க, சீக்கிரம் கொண்டாங்க என்றாள். நம் வீட்டில் செருப்புப் பெட்டிக்கா பஞ்சம். சொன்னபடியே செய்தேன், இறக்கையை நானாகக் கட்டப் போகவில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து இரண்டு பஸ் மாறிப் போனேன். உள்ளே நகம் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது நின்றபோது மட்டும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

சின்ன முறிவுதான், கூடிவிடும் என்றார்கள். இருபத்தைந்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள், பக்கத்து ஏரிக்கரையில் பெட்டியை என்னையே திறக்கச் சொன்னார்கள், மீன்கொத்தி ஏரிக்கு மேலே பறந்து போய்விட்டது. நீங்க எல்லாம் சரியா செஞ்சீங்க ஐயா, அதான் பொழைச்சுது என்றாள் அந்தப் பெண். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு வெளிப்பக்கம் காகிதப் பட்டைகளை ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று அம்மா விழுந்ததும், ஆம்புலன்ஸ் வருவதற்குள், தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதி உள்ளே போனது, பலமாக இருமினாள், அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்று டாக்டர் சொன்னார், தண்ணீர் கொடுத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. இத்தனை வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறாய், அந்தத் தண்ணீரால்தானா என்று உனக்குத் தெரிந்திருக்கும். அப்பா மனசு நோகும் என்று மாற்றிச் சொல்லாதே. போனிலும் வேண்டாம், எழுதி அனுப்பு.

இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். நீ என்ன எழுதினாலும் முழுசாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா