பையைப் பிடித்தவன் மச்சானுக்கு எழுதுவது

ஓயா ஆற்றோடு போய்விட்ட என் அன்பு மச்சானுக்கு,

நீங்கள் சுமந்த தபால் பை இப்போது என் தோளில் இருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்காமல், கங்காணி வாயில் விழாமல், தினமும் அக்கரப்பத்தனைக் கடைவீதிக்கு நடந்துபோய்த் தோட்டத்துக் கடிதங்களை வாங்கி வருகிறேன். சந்தோஷப்படுங்கள். இல்லை, கடைசி வரை படித்துவிட்டுப் பிறகு சந்தோஷப்படலாமா என்று யோசியுங்கள்.

ஊரார் கடிதத்தையெல்லாம் கொண்டு சேர்க்கிறவனுக்கு இதை எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை. எழுதி ஒளித்து வைக்கிறேன். கையில் கிடைத்தாலும் அக்காவுக்கு எழுத்து தெரியாது. அது ஒரு நல்லது.

உங்கள் காரியம் முடிந்த மறு வாரமே தோட்டத்தில் பேர் வெட்ட ஆரம்பித்தார்கள். தேயிலை விலை விழுந்துவிட்டதாம். எங்கேயோ சீமையில் விழுந்தது, இங்கே நமக்கு அடிபட்டது. தலைமன்னாருக்கு அனுப்பிக் கப்பலேற்றப் போகிறவர்கள் பட்டியலில் அக்கா பேர், உங்கள் மகள் செல்லம்மா பேர், என் பேர் மூன்றும் இருந்தன. இந்தியாவில் நமக்கு யார் இருக்கிறார்கள்? அக்காவுக்குத் தெரிந்த இந்தியா, செட்டியார் கடையில் தொங்கும் சாமி படம் ஒன்றுதான்.

"தப்பால் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. அது கெடைக்கிறவன் குடும்பத்த மட்டும் தொரை லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாரு. வந்து நில்லு" என்றார் கணக்கப்பிள்ளை. போய் நின்றேன்.

ஆபீஸ் வாசலில் மூன்று பேர் நின்றோம். துரை நாற்காலியில், நாய் அவர் காலடியில், கணக்கப்பிள்ளை பக்கத்தில் புத்தகமும் பேனாவுமாக. நம் துரையின் தமிழ்தான் உங்களுக்குத் தெரியுமே, அதில் மரியாதையும் கிடையாது, இலக்கணமும் கிடையாது. "சொன்ன வேலை எல்லா ஆளும் செய்றான். சொல்லாத வேலை நீ என்ன செஞ்சான்? அது சொல்லு" என்றார்.

முதலில் கேட்டது பழனியை. யாரும் சொல்லாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாம் நம்பர் மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டியதாகப் பெருமையாகச் சொன்னான், பாவம். அந்தக் கானில் தண்ணீர் தப்பான பக்கம் பாய்ந்து இளங்கன்று பூராவும் சரிந்து கிடந்தது. யார் வெட்டியது என்று துரை ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். "ஓ! அது நீதானா?" என்று எழுந்தேவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பழனி குடும்பம் அடுத்த கப்பலில் போனது.

இரண்டாவது நாலாம் லயத்து வரிசை வீட்டு முத்தையா; பட்டியலில் அவன் பேர் இல்லை, பெரட்டுக்குத் தப்ப வந்து நின்றவன். "தொரை நாய் வயித்தால போயி கெடந்தப்ப, டிக்கோயா தொரைக்கு நாய் வைத்தியம் தெரியும்னு கேள்விப்பட்டு, தோள்லயே தூக்கிட்டுப் போனேனுங்க. யாரும் சொல்லலைங்க" என்றான். துரை குனிந்து நாயின் காதைத் தடவினார். வேலை அவனுக்குத்தான் என்று அந்த நாய்க்கே புரிந்திருக்கும்.

நாயை மிஞ்ச என்னிடம் என்ன இருந்தது, மச்சான்? நீங்கள்தான் இருந்தீர்கள்.

"ஆடி மழையில ஓயா பெருகுனப்ப எங்க மச்சான் தப்பால் பையோட விழுந்துட்டாருங்க. நான் எறங்குனேன். பையும் மெதந்துச்சு, அவரும் மெதந்தாரு. ஒண்ணைத்தான் பிடிக்க முடியும். நான் பையப் பிடிச்சேனுங்க" என்றேன்.

"மச்சான்? சொந்த மச்சான்?"

"ஆமாங்க தொரை. மச்சான் வீட்டுக் காரியம்ங்க. பை தோட்டத்துக் காரியம்."

எழுதிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையின் கை நின்றுவிட்டது. முத்தையா என்னை விட்டு ஓரடி தள்ளி நின்றான். துரைக்கு மட்டும் அருவருப்பு இல்லை. கவ்வாத்து வெட்டிய பிறகு நன்றாகத் துளிர்த்த செடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "நல்ல ஆள்" என்று அவரே எழுந்து பையை என் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டு மூன்று பேரையும் பட்டியலில் இருந்து அடிக்கச் சொன்னார்.

சொன்ன பொய் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். என்ன புத்தி பாருங்கள்! துரை ஆபீஸில் தும்மினால் லயத்தில் சளி பிடிக்கும். நான் வருவதற்குள் முத்தையா பீலிக்கரையில் நின்று, தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான்.

அக்கா எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்றாள். குடம் காலியாக இடுப்பில் இருந்தது.

"தொரைகிட்ட சொன்னது நெசமாடா? இல்ல அன்னைக்கு என்கிட்ட சொன்னது நெசமா?"

அன்றைக்கு அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எட்டலக்கா, கைய நீட்டிப் பார்த்தேன், எட்டல" என்றேன். அதுவும் பொய். நடந்தது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நான் வந்து நின்றேன். ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இன்னொரு கையை நீட்டினீர்கள். எட்டியது. நன்றாகவே எட்டியது. ஆனால் அந்தக் கையில் பை இருந்தது.

"பையப் பிடி மாப்ளே, நனையுது!"

இதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது. அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை, செல்லம்மாவைப் பற்றி இல்லை, ஐயோ என்றுகூட இல்லை. சொன்னபடி நான் பையை வாங்கிக் கரையில் எறிந்துவிட்டுத் திரும்பினேன். பாறை மட்டும் இருந்தது. பையை விட்டுவிட்டு உங்கள் கையை ஏன் பிடிக்கவில்லை என்று என்னையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உங்களையும் கேட்கிறேன். எவன் உங்களை அந்த வேலை செய்யச் சொன்னான்? அந்தப் பையில் என்ன இருந்தது என்று பிறகு பார்த்தேன். துரைசானிக்குப் பூ விதை வந்திருந்தது. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை, மச்சான். செத்தவர் என்றும் பார்க்க மாட்டேன்.

துரையிடம் பொய் சொன்னேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தால், அவள் அதைப் பீலிக்கரையில் நின்று கத்துவாள். முத்தையா ஆபீஸுக்கு ஓடுவான். மூன்று பேரும் பழனிக்குப் பின்னால் கப்பலேற வேண்டியதுதான். அது ஒன்று. உங்கள் கடைசிப் பேச்சை அவள் காதில் போட என் நாக்கு எழவில்லை. அது இன்னொன்று.

"தொரைகிட்ட சொன்னதுதான்க்கா நெசம்" என்றேன்.

அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அன்று முதல் என் தட்டு வாசல்படிக்கு வெளியே வைக்கப்படுகிறது. என்னிடம் பேச வேண்டியதைச் சுவரிடம் பேசுகிறாள். என் வேலையால் நின்ற கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னைச் சபிக்கிறாள், அதையும் நான் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுகிறேன்.

போன மாதம் செல்லம்மா பெரிய மனுஷி ஆனாள். தாய்மாமன் நான்தானே? கடைவீதியில் ஒரு பச்சைச் சேலையும் வளையலும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். அவளைத் தனியே உட்கார வைக்கும் குச்சு கட்டக் குழை வெட்டி வைத்திருந்தேன். அக்கா வாசலை அடைத்து நின்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாமன் சீரு முத்தையா செய்யட்டும். அவன் நாயையாவது தூக்குனான்."

நான் வெட்டிய குழையில்தான் முத்தையா குச்சு கட்டினான். செல்லம்மா உள்ளே இருந்து ஒரு தரம் என்னைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தட்டோடு திரும்பி வந்தேன். உங்கள் மகள் உங்கள் ஜாடைதான், முகம் திருப்புவதிலும்.

மறுபடியும் ஆடி வந்துவிட்டது. ஓயா இன்று நான் தினமும் கடக்கும் நடைகல்லைத் தொட்டுவிட்டது. "பை நனையாம பாத்துக்க" என்று கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பினார். "சரிங்க" என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் கடைசியில் பேசியதை அக்கா என் வாயிலிருந்து ஒருநாளும் கேட்க மாட்டாள். இன்னொன்று. ஓயா என்னை இழுத்தால் பையை விட்டுவிட்டுத்தான் கரையேறுவேன். வேலை போகும், காம்பரா போகும், துரை பேரை வெட்டுவார், எல்லாம் தெரியும். ஆனாலும் கரையேறுவேன். கப்பலேறிப் போய் இறங்குகிற இடத்தில், வெறுக்கவாவது அக்காவுக்குச் சொந்தத்தில் ஒருவன் உயிரோடு இருக்க வேண்டாமா?

தம்பி இல்லை என்று அவள் சொன்ன பிறகும்,
உங்கள் மச்சினன்,
சின்னச்சாமி