தைலம்மாள் போட்ட ஊசி

12-1-1959, திங்கள்

விழுப்புரத்திலிருந்து இந்தத் திண்டிவனம் தரும ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து ஒரு வாரம்தான். இன்று கண்டதை நம்ப முடியவில்லை. பெட்பேன் எடுக்கிற ஆயா தைலம்மாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டில் கட்டிலாகப் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு போகிறாள்! கையைப் பிடித்தேன்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே நாந்தாங்க போட்டுக்கினு இருக்கேன். பெரிய சிஸ்டரு சொன்னதுதான்," என்றாள்.

படுத்திருந்தவர் வேறு, ஆயா போட்டால் வலிக்காது என்கிறார். மூன்று வருஷம் நான் படித்தது எதற்கு?

13-1

பெரிய சிஸ்டர் லூர்துமேரியிடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். "இந்தாம்மா காந்திமதி, இத்தனை கட்டிலுக்கும் நீயும் நானுந்தான். நாலு நாள் ஓடிப் பாரு, அப்புறம் சட்டம் பேசு."

20-1

ஓடினேன். கால் வீங்கிவிட்டது. ஆனாலும் என் வார்டில் அவளை ஊசியைத் தொட விடவில்லை.

9-2, திங்கள்



மரக்காணத்து மீனவர் ராஜவேலு காலில் சீழோடு வந்தார். நான் பக்கத்துப் பிரசவ அறையில். "புது ஆளுக்கும் போட்டுடு" என்று சிஸ்டர் தைலம்மாளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுந்து வருவதற்குள் போட்டுவிட்டாள். சோதனை ஊசி இல்லாமல்! உதடு நீலம். நாடியே கிடைக்கவில்லை. டாக்டர் ஓடி வந்து எப்படியோ உயிரை இழுத்துப் பிடித்தார்.

ஏண்டி சோதனை பார்க்கவில்லை என்று கத்தினேன். "அது என்னாதுங்க?" என்று விழிக்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. முன்கையில் துளி மருந்து குத்தி, தடிக்கிறதா என்று பார்ப்பதை ஆளைச் சேர்க்கும் அறையிலேயே முடித்துவிடுவோம். அந்த அறைக்குள் ஆயாக்களை விடுவதில்லை. வார்டில் கண்டதை மட்டும்தான் அவள் கற்றிருக்கிறாள். இன்று அந்த அறையில் யாரும் இல்லை. ஆள் நேரே வார்டுக்கு வந்துவிட்டார். ஐயோ, கடவுளே.

11-2

விசாரணை. "நான் அவளை ஊசியைத் தொடவே விட்டதில்லை," என்றார் சிஸ்டர், கூசாமல். அவரா இப்படி? நான் எழுந்து, காதால் கேட்டதைச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் செயலாளர் தைலம்மாளைப் பார்த்தார்.

"நானாத்தாங்க போட்டேன். யாரும் சொல்லலே."

அங்கேயே அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். வாசலில் மடக்கி, உனக்கென்ன பைத்தியமா என்றேன்.

"சிஸ்டரும் போயிட்டா நீங்க ஒண்டியா எத்தினி பேரைப் பாப்பீங்க? எனக்கு மயிலத்தாண்ட மல்லாட்டை புடுங்குற வேலை கீது," என்று நடந்துவிட்டாள், கடலை பிடுங்க. எனக்காகவுமா பொய் சொன்னாள்?

12-2

ஆயாக்கள் ஊசியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. நான் கேட்டதுதான். சந்தோஷமாக இல்லை.

7-8, வெள்ளி

மயிலம் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் என்று ஒருத்தி, ஊசி போட்ட இடத்தில் கட்டியோடு வந்தாள். யார் போட்டது?

"எங்கூரு தைலம்மாதான், கடையில மருந்து வாங்கியாந்து போடுது. நாலு ஊருக்கும் அதாங்க டாக்டரு."

முதலில் கையில் குத்திப் பார்த்தாளா என்றேன். "கையில எதுக்குங்க?" என்கிறாள்.

அன்று கத்தினேனே தவிர, சோதனை என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. இங்கேயாவது ஓடி வர ஒரு டாக்டர் இருந்தார். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்த ஊசியைப் பிடுங்கி உடைக்காமல் திரும்ப மாட்டேன்.

8-8

போனேன். வேப்பமரத்தடியில் ஜனம். ஒருத்தி மடியில் பிள்ளை, சளி கட்டி, ஜுரத்தில் கொதிக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "பஸ்ஸு இனிமே சாயங்காலந்தாங்க," என்றாள். தைலம்மாள் ஊசியை என் முன்னால் வைத்தாள். "எடுத்துக்கினு போறதானா போங்க."

எடுக்கவில்லை. தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். துளி மருந்தை எப்படிக் குத்துவது, எவ்வளவு நேரம் பொறுப்பது எல்லாம் காட்டினேன். தடித்தால் போடவே மாட்டேன் என்று அம்மன்மேல் சத்தியம் வாங்கினேன். நானா இது?

பிள்ளைக்குத் தடிக்கவில்லை. நானே போட்டிருக்கலாம். நாளைக்கு யார் போடுவது? அவளையே போடச் சொல்லிவிட்டு, பிள்ளை உதறாமல் காலைப் பிடித்துக்கொண்டேன்.