சவரக் கடையில் அரை மணி நேரம்

மார்ச் 4

சார் அவர்களுக்கு உங்கள் பழைய டிரைவர் வணக்கத்துடன் எழுதுவது.

எழுத்து ஒன்று பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் இருக்கும். வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது என் சொந்தக் கை. நூலகத்து மாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்குப் பாடம் நடக்கிறது. அங்கே போகிறேன். "பேனாவை ஸ்டியரிங் மாதிரி பிடிக்காதீங்க" என்கிறாள் டீச்சர். இப்போதெல்லாம் பஸ்ஸில் போனால் ஒரு கடைப் பலகையையும் விடுவதில்லை. நம் ஆபீஸ் வாசலில் நான் தினமும் காரை நிறுத்துவேனே, அந்தச் சுவரில் "இங்கே வண்டி நிறுத்தக் கூடாது" என்று எழுதியிருப்பதைப் போன வாரம்தான் படித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இருக்கிறது. என்னிடம் மட்டும் இல்லை. லைசென்ஸ் இல்லாத அவன் வயர்லெஸ்ஸை நாம் பிடித்த நாளிலிருந்து இல்லை. ஒரே வீடு, நடுவில் சுவர், அவனுக்கு ஒரு வாசல், எனக்கு ஒரு வாசல். ஆறு மாதம் சிறையில் இருந்தான், வாத்தியார் வேலையும் போயிற்று. நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நினைக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் கூரையில் திசை காட்டும் வளையத்தைத் திருப்பிக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சத்தம் வரும் பக்கம் பார்த்து "இடது", "வலது" என்றீர்கள். சொன்ன பக்கம் ஓட்டினேன். எங்கள் தெரு வந்தது. எங்கள் வீடு வந்தது. "இதுதான்" என்றீர்கள். மச்சில் அவன் அப்படி ஒன்று வைத்திருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது.

காலையில் புறப்படும்போதே அது எங்கள் வீடு என்று உங்களுக்குத் தெரியுமா சார்? அன்று கேட்க வாய் வரவில்லை. அந்த மாதமே நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டீர்கள். தெரியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள், அவனிடம் காட்டுகிறேன். இதை வேறு யாரையும் எழுதச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் கடிதம் எழுதுகிறவள் அவன் மகள் ஒருத்திதான். நான் படிக்கப் போனதே இதைக் கேட்கத்தான்.

உங்கள்
டிரைவர்


மார்ச் 15

அன்புள்ள டிரைவருக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து தெளிவாகவே இருக்கிறது. தம்பியின் உடல்நிலை அறிந்து வருந்துகிறேன்.

அந்த நாளில் மாகாணம் முழுவதற்கும் ரேடியோ இன்ஸ்பெக்டர் நான் ஒருவன். தபால் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கார், நீ. கப்பலில் ஏறி வயர்லெஸ் பேட்டரியைச் சோதிப்பேன். சரியில்லையென்றால் கப்பல் கிளம்பக் கூடாது, கேப்டன் கத்துவான். ஊரில் ரேடியோக்கள் கரகரத்தால் காரணம் தேடுவேன். மாவு மில் மோட்டார், பல் டாக்டரின் இயந்திரம், ஒருமுறை மாஜிஸ்ட்ரேட் வீட்டு மின்சார ஒத்தடப் பை. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பியவரைப் பிடித்தது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான். அதற்காகவே பதவி உயர்வு கொடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள்.

மற்றவை கோர்ட்டில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளன. சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்ஸ்பெக்டர் (ஓய்வு)


மார்ச் 23

சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். மூன்று நாள் பிடித்தது. ஒத்தடப் பை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். மாஜிஸ்ட்ரேட் வீட்டம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே உங்களை வாசல்வரை விரட்டினார்களே.

நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். படிக்கத் தெரியாமல் தாண்டிவிட்டேனோ என்று மறுபடியும் தேடினேன். இல்லை. தெரிந்திருந்தாலும் சொல்லுங்கள். கோபப்படுகிற வயது எனக்குப் போய்விட்டது.

உங்கள்
டிரைவர்


ஏப்ரல் 2

அன்புள்ள டிரைவருக்கு,

தெரியும்.

நான்கு நாள் முன்பே துறைமுகத்திலிருந்தும் ஆஸ்பத்திரி மாடியிலிருந்தும் திசை பார்த்தேன். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் உங்கள் தெருவில் வந்து சேர்ந்தன. நடந்து போய்ப் பார்த்தபோது உங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றோடு ஓர் ஏரியல் கம்பியும் ஓடியது. அவன் வயர்லெஸ்ஸில் ஏதோ ஒரு கப்பல்காரனோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். நான்கு நாளும் கேட்டேன். தோற்றுக்கொண்டிருந்தான்.

மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது, நான் பிடிக்காமல் இருக்க முடியாது. உன்னிடம் சொல்வது குற்றம். சொல்லாவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால் காரை நிறுத்தச் சொன்னேன். "இன்னைக்கு உங்க வீட்டுப் பக்கம்தான் வேலை. நான் சவரம் பண்ணிட்டு வர அரை மணி ஆகும். வீட்டுக்குப் போறதுன்னா போயிட்டு வா" என்றேன். நீ, "வண்டியில கருவிப் பெட்டி இருக்கு சார், விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாய்.

நான் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வந்திருந்தேன். கடைக்காரன் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எடுக்க என்ன சார் இருக்கு?" என்றான். "மெதுவா எடுப்பா" என்றேன். எதிர்க் கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ காரைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பெட்டியை விட்டு அசையக் கூடாது என்று உன்னைப் பழக்கியவன் நான்தான்.

தம்பியிடம் காட்டுவது உன் விருப்பம்.

இன்ஸ்பெக்டர் (ஓய்வு)


ஏப்ரல் 11

சார் அவர்களுக்கு,

காட்டவில்லை, படித்தேன். மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவன் வாசல் வழியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். சதுரங்கம் வந்ததும் சுவரைப் பார்த்தபடியே, "தோத்தேன்னு அவர் எப்படிச் சொல்லலாம்?" என்றான். நான் நிறுத்தவில்லை. சவரக் கடை வந்தது. மெல்லத் திரும்பினான்.

"அரை மணி நேரமா?"

"ஆமா."

"வீட்டுக்குப் போயிட்டு வான்னு அவரே சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"வண்டி துடைச்சேன்."

சிரித்தான். ஒரு பக்கத்து வாய்தான் சிரித்தது. "அண்ணே, நீ சரியான மடையன்" என்றான். மடையன் இருக்கட்டும் சார், முன்னால் இருந்த சொல்லைக் கேட்டு எத்தனையோ வருஷம்.

"மச்சில் ஏறிப் பார்" என்று நீங்கள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வருத்தம் எனக்கு உண்டு. மற்றபடி ஒன்றுமில்லை.

அவனுக்கு உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறதாம். வலது கை வராது. மகளை எழுதச் சொல்ல முடியாது, பாதி வசவு. ஆகவே அவன் சொல்ல நான் எழுதுகிறேன். மூன்று வரி முடிந்திருக்கிறது, அதற்குள் நான் மெதுவாக எழுதுகிறேன் என்று எனக்கும் கொஞ்சம் வசவு. அடுத்த வாரம் எப்படியும் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

உங்கள்
டிரைவர்